பூஜையில் வைத்த சாவி

அந்த ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். தென்காசிக்கு மேற்கே, ரயில் போகப்போக மலை பெரிதாகிக்கொண்டே வந்து கடைசியில் ஜன்னலையே அடைத்துக்கொள்ளும் ஒரு ஊர் என்று சொன்னால் போதும். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கும்வரை அது மகாராஜா ஆண்ட திருவிதாங்கூரோடு இருந்தது. பிறகுதான் எங்கள் திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தது. மகாராஜா காலத்துப் பொது நூலகம் ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. ஓட்டுக் கூரை, மரச் சட்டம் போட்ட ஜன்னல்கள், வாசலுக்கு மேல் சுதையில் செய்த வலம்புரிச் சங்கு. சங்குக்குக் கீழே தமிழ்நாடு அரசின் தகரப் பலகை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவராத்திரியின்போது நானும் அம்மாவும் அங்கே போனோம்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக் கால்வாய் பாயும் கிராமம் எங்களுடையது. வயல்கள் எங்களுடையவை அல்ல, வேலை எங்களுடையது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் படித்து எம்.ஏ. முடித்தேன். எம்.பில். சேர்ந்தேன். தெருவில் என்னைக் கண்டால், "கலெக்டர் வருதாவ, வழிய விடுங்க" என்று கிண்டல் செய்வார்கள். நானும் வழியை எடுத்துக்கொண்டு நடப்பேன். அந்தப் பெருமையை மறைத்து வைக்க எனக்குத் தெரியாது.

என் ஆய்வு, பழைய சமஸ்தான எல்லையை ஒட்டிய நெல் வயல்களில் கூலிவேலை செய்தவர்களைப் பற்றியது. எல்லாம் எழுதி முடித்துவிட்டதாக நினைத்தேன். என் பேராசிரியர் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கதைதானே இருக்கு? அந்தப் பக்கம் எங்கே?" என்றார். சமஸ்தானத்தார் அந்நாளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட நில விவரத் தொகுதிகள் இரண்டு, அந்த நூலகத்தில் இருப்பதாகவும் வெளியே கொடுக்க மாட்டார்கள் என்றும், அங்கேயே உட்கார்ந்து படித்து எழுதிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னார். ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை தவறினால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். அது மட்டும் என்றால் காத்திருந்திருப்பேன். பம்பாயில் இருந்த தாய்மாமன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தீபாவளி கழிந்ததும் மாமா வந்து பேசி முடிப்பதாக இருந்தது. எங்கள் கல்லூரியில் ஒரு தற்காலிக விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. ஏடு கொடுத்துவிட்டு வந்தால் எனக்கு என்று சொல்லியிருந்தார்கள். அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். "வேலை கிடைச்சா கல்யாணப் பேச்சத் தள்ளி வைப்போம். இல்லன்னா உங்க மாமனுக்கு நான் என்ன சொல்லுதது?" அவர் சொன்னதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அவரால் கொடுக்க முடிந்த அவகாசம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூஜை. எங்கள் பக்கத்தில் அன்று ஒரு நாள்தான் புத்தகத்தைத் தொட மாட்டோம். ஆகவே சனிக்கிழமை நூலகம் திறந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். பழக்கமில்லாத ஊருக்குப் பெண்பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று அம்மாவும் கிளம்பினாள். கார் அறுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. அன்றைய வேலையை விட்டுவிட்டுத்தான் வந்தாள்.

காலைப் பாசஞ்சரில் போய் இறங்கி, வழி கேட்டு நடந்தோம். நூலகம் இருந்த தெரு, இரண்டு பக்கமும் அகலமான பழைய வீடுகள் உள்ள தெரு. திரும்பும் முனையில் அம்மா நின்று செருப்பைக் கழற்றிக் கையில் இருந்த பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கும்மா? வெயில் அடிக்கி."

"இருக்கட்டும். தரை குளுமையாத்தான் இருக்கு."

தரை குளுமையாக இல்லை. நான் வேண்டுமென்றே என் செருப்பு சத்தம் கேட்கும்படி நடந்தேன்.

நூலகத்தின் கூடம் நீளமாக, இருட்டாக, ஈரமில்லாத குளிர்ச்சியோடு இருந்தது. இரண்டு பக்கச் சுவர்களிலும் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு பீரோக்கள். வாசிக்கும் மேஜைகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு பலகை. அதன் மேல் ஒவ்வொரு பீரோவிலிருந்தும் எடுத்த புத்தகங்களை அடுக்கி, சிவப்புப் பட்டு விரித்திருந்தது. பட்டின் மேல் ஒரு பெரிய சாவிக்கொத்து. சாவிகளுக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். அவற்றின் மேல் ஒரு செம்பருத்திப் பூ.

நூலகர் ஐம்பது வயதுக்காரர். வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் ஏறி மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். நான் கல்லூரிக் கடிதத்தைக் காட்டினேன். கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை முழுவதும் படித்தார்.

"இருக்கு. ரெண்டு தொகுதியும் இருக்கு. அந்தா தெரியுதுல்லா?" என்று கிழக்குச் சுவரில் ஒரு பீரோவைக் காட்டினார். கண்ணாடி வழியாகக் கருப்புத் தோல் அட்டை போட்ட இரண்டு தடித்த புத்தகங்கள் தெரிந்தன. "திங்கக்கிழமை பூஜை எடுப்பு. அதுவரைக்கும் தொட முடியாது."

"நாளைக்குத்தானே சரஸ்வதி பூஜை?"

"உங்க பக்கம் நாளைக்கு. இங்கன அஷ்டமி அன்னைக்கே வச்சிருவோம். மகாராஜா காலத்து வழக்கம். இன்னைக்கு வைப்பு, நாளைக்குப் பூஜை, தசமி காலைல எடுப்பு."

"விளக்கே இன்னும் ஏத்தலையே?"

"அந்தியிலதான் ஏத்துவோம். சாவி வச்சாச்சு. வச்சது வச்சதுதான்."

நான் குரலை உயர்த்தினேன். "இது இப்ப தமிழ்நாடு அரசு நூலகம். இன்னைக்கு வேலை நாள். மகாராஜா போயி எத்தனை வருசம் ஆச்சு?"

அவர் கோபப்படவில்லை. "சர்க்கார் மாறிச்சு, பிள்ளை. சரஸ்வதி மாறலையே," என்றார். பிறகு கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தபடி, "எம்.பில். படிக்குதீய. அஷ்டமி என்னைக்குன்னு காலண்டர்ல பாத்திருக்கலாம்லா?"

"அஷ்டமி எங்க பாடத்துல இல்ல."

அதற்கு அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. திரும்பவும் ஸ்டூலில் ஏறினார். மேலதிகாரிக்கு எழுதிப்போடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் என் பக்கம்தான் நியாயம் இருந்திருக்கும். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, சும்மா இரு."

இவ்வளவு நேரமும் அவள் வாசல்படிக்கு வெளியே நின்றிருந்தாள். இப்போதும் உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு, கூடத்துக்குள் தலையை நீட்டி அந்தப் பட்டுக்குக் கும்பிடு போட்டாள். பிறகு அவரிடம், "எடுப்புக்கு யாரு வேணும்னாலும் வரலாமாய்யா?" என்று கேட்டாள்.

"யாரும் வரலாம். வாறவங்க கையில ஆளுக்கு ஒரு பொஸ்தகம் குடுப்போம். ஆளுக்கு நாலு வரி வாசிக்கணும். எல்லாரும் வாசிச்சு முடிச்சாத்தான் எடுப்பு முடிஞ்சதா கணக்கு."

"முடிஞ்ச பெறவு?"

"பூட்டிருவேன். அன்னைக்கு விடுமுறைல்லா."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நாங்க வாறோம்," என்றாள்.

திரும்பி வரும் ரயிலில் நான் அவளோடு பேசவில்லை. பாவூர்சத்திரம் தாண்டியதும் அவளே பேசினாள்.

"அவரு சாவிய எடுத்துத் தந்திருந்தாலும் என் மனசு ஒப்பியிருக்காது."

"உன் மனசு ஒப்பலைன்னு எனக்கு ஒரு வருசம் போகணுமா? மாமன் வந்து நின்னா அப்பவும் உன் மனசத்தான் பாக்கணுமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே சொன்னாள். சின்ன வயதில் நடவுக்குப் போகும் பெண்களோடு சேர்ந்து அவளும் அந்த ஊருக்குப் போயிருக்கிறாள். அப்போது எல்லையில் மகாராஜாவின் சுங்கச் சவுக்கை இருந்ததாம். மடியில் புகையிலை இருக்கிறதா என்று சோதித்துத்தான் விடுவார்களாம். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது அந்தத் தெருமுனையில் நிற்பார்களாம். சங்கு வைத்த கட்டிடத்தில் யாரோ பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பது கேட்கும். தெருவுக்குள் போக மாட்டார்கள்.

"போகக் கூடாதுன்னு சொல்லுவாவளா?"

"யாரு சொல்லணும்? போவ மாட்டோம்."

என் ஆய்வுக்கு உதவும் விஷயம் என்று அந்த நேரத்தில்கூட மனதுக்குள் குறித்துக்கொண்டேன். படித்தவளின் புத்தி அப்படித்தான் ஓடியது.

மறுநாள் வீட்டில் பூஜை. அப்பாவின் மண்வெட்டி, அம்மாவின் கதிர் அரிவாள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். அம்மா என் எழுத்துத் தாள்களைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. மற்ற அத்தியாயங்களைத் திருத்திச் சுத்தமாகப் படியெடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுவதும் எழுதினேன். அரிவாளும் மண்வெட்டியும் மட்டும் பூஜையில் இருந்தன. அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். என் திட்டம் எளிது. பாளையங்கோட்டையில் தட்டச்சு செய்பவர் அன்று மாலை தாள்களை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். பிற்பகல் பாசஞ்சரில் ஏறினால் போதும். அதற்குள் நூலகரிடம் கெஞ்சியோ சண்டை போட்டோ அந்தப் பீரோவைத் திறக்க வைக்க வேண்டும். கெஞ்சுவது எனக்கு வராது என்பதால் சண்டைக்கான வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்துக்கொண்டேன்.

கூடம் நிறைய ஆட்கள். தெருக்காரர்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் குழந்தைகளை மடியில் வைத்து, தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து எழுத வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. அம்மா வாசல்படியில் தயங்கினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் உட்கார வைத்தேன். அவள் செருப்பு பைக்குள்தான் இருந்தது.

நூலகர் பட்டை விலக்கி, சாவிக்கொத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அடுக்கிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வரிசையில் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்று கொடுத்தார். அம்மாவின் கையிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அவர் யோசித்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. வரிசையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஒவ்வொருவராக வாசித்தார்கள். சிலர் தமிழ், சிலர் மலையாளம். கண்ணாடி மறந்து வந்த ஒருவர் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசிக்க, "ஏ அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் தள்ளுனா தெருவுல இருக்கவன் வாசிச்சிருவான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் வரிசை எங்களை நெருங்கிவிட்டது. நான் என் நான்கு வரியை வாசித்தேன். நன்றாக, நிறுத்தி, சத்தமாகவே வாசித்தேன். பிறகு அம்மாவின் முறை.

அம்மா புத்தகத்தைத் திறக்கவில்லை. மூடியபடியே இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அவளுக்காக நானே வாசித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் புத்தகத்தை விடவில்லை.

"எனக்கு எழுத்து தெரியாதுய்யா," என்று நூலகரைப் பார்த்துச் சொன்னாள்.

"அதுக்கென்ன, மக வாசிக்கட்டும்," என்றார் அவர்.

"வாசிப்பா. ஆனா இதுல இல்ல. அவ வாசிக்க வேண்டியது அந்தப் பீரோவுல இருக்கு." கிழக்குச் சுவரைக் காட்டினாள். "அத அவ வாசிச்சாத்தான் என் வரி முடியும். எல்லாரும் வாசிச்சு முடிச்சாத்தான் எடுப்பு முடியும்னு நீங்கதான சொன்னிய?"

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. வயல் வரப்பில் நின்று வேலைக்கணக்கு பேசும் குரல் அது. அதை நான் அறிவேன். "அன்னைக்குச் சாவி பூஜைல இருக்குன்னு சொன்னிய. சரின்னு திரும்பிப் போனோம். எதுத்து ஒரு வார்த்தை நான் சொல்லல. இன்னைக்கு நான் சொல்லுதேன். இவளுக்கு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும். குடுக்கலன்னா இவ படிப்பு நின்னு போவும். அவ முடிக்குத வரைக்கும் நீங்க பூட்டக் கூடாது."

கண்ணாடி மறந்தவர்தான் முதலில் வாய் திறந்தார். "அந்த அம்மா சொல்லுதது சரியாத்தான வே இருக்கு."

நூலகர் அம்மாவையும், அவள் மடியில் இருந்த புத்தகத்தையும் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு சாவியை நகத்தால் சுரண்டிக்கொண்டே கிழக்குச் சுவர்ப் பக்கம் நடந்தார். நான் அடுக்கி வைத்திருந்த சண்டை வார்த்தைகளில் ஒன்றுக்குக்கூட வேலை இல்லாமல் போயிற்று.

சுண்டலும் பொரிகடலையும் வாங்கிக்கொண்டு கூட்டம் கலைந்தது. ஒரு மேஜையைத் திரும்பவும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு எனக்குக் கொடுத்தார்கள். நான் படிக்கத் தொடங்கினேன்.

அந்த இரண்டு தொகுதிகளிலும் எல்லாம் இருந்தன. வாய்க்கால்கள், மதகுகள், வரி, நெல்லின் வகைகள், எந்தக் குளத்தில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்பது வரை. நடவுக்காலத்தில் எல்லைக்குக் கிழக்கிலிருந்து கூலிப் பெண்கள் வருவதுண்டு என்று ஒன்றரை வரியும் இருந்தது. அதை எழுதிக்கொண்டபோது நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அதே பாயில், அதே இடத்தில், சுவரில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் புத்தகம் இன்னும் அவள் மடியில் மூடியே இருந்தது. பொரிகடலைப் பொட்டலத்தையும் பிரிக்கவில்லை.

நூலகர் மத்தியானம் சாப்பிடப் போகும்போது வாசலில் நின்று, "நான் வாற வரைக்கும் பாத்துக்கிடுங்க," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையை ஆட்டினாள். மகாராஜா காலத்துக் கூடம் முழுவதும் அவள் பொறுப்பில் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் எழுந்து சுற்றிப் பார்க்கவில்லை. ஒரு காக்கை ஜன்னல் சட்டத்தில் வந்து உட்கார்ந்தபோது மட்டும் கையை வீசி விரட்டினாள்.

கடைசிப் பக்கத்தை எழுதி முடித்தபோது என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. ரயிலுக்கு நேரம் இருந்தது. நூலகர் வந்து தொகுதிகளை எடுத்துப் பீரோவில் வைத்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது," என்றேன். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அதற்குள் அம்மா எழுந்து வந்தாள். "இவ்வளவு நேரம் மடியில வச்சிருந்துட்டேன். இதுலயும் நாலு வரி வாசிச்சிரு," என்று அந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

பெருமையோடுதான் திறந்தேன். உள்ளே மலையாளம். ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒன்று தமிழ்போல் வளைந்து, பக்கத்தில் போனால் வேறாக இருந்தது. இரண்டு பக்கம் புரட்டினேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாயைப் பார்த்து நிற்பது அவளுக்குப் பழக்கம். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, பம்பாய்க் கடிதம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் நிற்பாள்.

"எனக்கும் தெரியாதும்மா," என்றேன்.

அவள் ஆச்சரியப்பட்டாள். சிரிக்கவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னாள். பிறகு புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி நூலகரிடம் நீட்டினாள். "நீங்க வாசிங்கய்யா."

அவர் சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நின்றபடியே வாசித்தார். காலியான கூடத்தில் குரல் பெரிதாகக் கேட்டது. அம்மா கும்பிட்டபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாள். தெருமுனையில் நின்று எப்படிக் கேட்டிருப்பாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டாள்.

"தென்னங்கன்னு நடுததப் பத்தி. குழி எவ்வளவு ஆழம் எடுக்கணும், உப்பும் சாம்பலும் எப்பப் போடணும்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் புத்தகத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றித் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப பூட்டுங்கய்யா," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏட்டைக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார். "குடுத்திட்டா," என்று அவள் சொன்னாள். கல்யாணப் பேச்சைத் தள்ளி வைக்கும்படி மாமாவுக்கு எழுத ஒரு இன்லண்ட் தாளை அப்பா எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.